ஒர்வாத்தாருக்கு வைத்த பேர்

முரசுமோட்டைக்கு அங்கால, பதினோராம் வாய்க்கால் குடியேற்றத்திலே 'புத்தகக்காரி வீடு எது' என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கையைக் காட்டும். இரஞ்சிதம் வீடு என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கும். அவளிடம் இருந்தது பெட்டி நிறையப் புத்தகமல்ல. ஒன்றே ஒன்று. அதுவும் மட்டை இல்லாதது.

இரஞ்சிதம் நீர்வேலிப் பக்கத்துப் பெட்டை. தகப்பன் வாழைத் தோட்டக்காரர். தாயின் தமக்கை ஒருத்தி மிசன் பள்ளிக்கூட விடுதியிலே சமையலுக்கு நின்றவா. அந்தப் பெரியம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போய், எட்டாம் வகுப்பு வரைக்கும் இங்கிலீசிலே படித்தாள். அதற்குப் பிறகு சொந்த மச்சான் நடராசாவைக் கட்டிவைத்தார்கள். ஐம்பத்துமூன்றாம் ஆண்டு அரசாங்கம் காட்டுக் காணி கொடுத்தபோது நடராசாவின் சித்தப்பன் ஏரம்பு முன்னுக்கு நின்று இருபத்திரண்டு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறக்கினார். யானை கலைத்தவர்கள், காய்ச்சலில் கிடந்து எழும்பினவர்கள், அடிக்கட்டை கிளப்பிக் கிளப்பிக் கை தோலுரிந்தவர்கள் இவர்கள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் ஒன்பது குடும்பம் வந்தது. வாய்க்கால் முடிகிற வாற்பக்கத்தில் மிச்சம் கிடந்த காணி அவர்களுக்குப் போயிற்று. புலோலிப் பக்கத்து வீரகத்தியும் பெண்சாதி இலட்சுமியும், அப்போது பத்து வயதாக இருந்த மகள் விமலேஸ்வரியும் அந்த ஒன்பதில் ஒரு குடும்பம். முன்னம் வந்தவர்கள் இவர்களைப் பற்றிக் கதைக்கும்போது 'உவை பிறகு வந்தவை' என்பார்கள். அதிலே கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை என்பது போல நிறுத்திவிடுவார்கள்.

நடராசா நீர்ப்பாசனக் கந்தோர் பங்களாவிலே காவலுக்கு நின்றான். மாற்றலாகிப் போன ஒரு எஞ்சினியர் துரை குப்பைக்குள் விட்டுப்போன புத்தகத்தை, கறையான் முன்பக்கத்தைத் தின்றது போக மிச்சத்தை, அவன்தான் தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். 

"இங்கிலீசு வாசிக்கிற ஆளெல்லே. வாசியன்."

எழுதினவன் பேர் தெரியாது. கதையின் பேரும் தெரியாது. உள்ளே இருந்தது ஒரு இல்லாத நாடு. வருசம் முழுக்க நிலம் கல்லாய் உறைந்து கிடக்கிற மலை. மலையிலே ஒரு கற்கோட்டை. கோட்டைக்கு நடுவிலே அணையவே விடாத ஒரு நெருப்பு. கோட்டைக்குள்ளே ஐந்து குலம். எல்லாம் எழுதினவன் தன் தலைக்குள் கட்டினது. குலப்பேரும் அப்படித்தான். பரந்தனிலே ஒரு உபாத்தியாயரிடம் போய்ப் பெரிய அகராதியை வாங்கித் தேடிப்பார்த்தாள். ஐந்தில் ஒன்றும் அதில் இல்லை.

அறுபத்துமூன்றாம் ஆண்டு மாசியில் நிலக்கடலை, அதுதான் கச்சான், நல்ல விளைச்சல். மேட்டுக்காணிக் கச்சானைப் பிடுங்கிக் காயவைத்து, வெட்டாமல் விட்டிருந்த பாலை மரத்துக்குக் கீழே பெண்டுகள் கூடியிருந்து கோது உடைத்தார்கள். வேலை கைக்குத்தான், வாய் சும்மா. ஆகவே இரஞ்சிதம் கதை சொல்லத் தொடங்கினாள். கோயிலிலே புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிப்பார், இன்னொருவர் அர்த்தத்தை விரித்துப் பயன் சொல்லுவார். இவள் இரண்டையும் தானே செய்தாள். இங்கிலீசை நாலு வரி வாய்விட்டு வாசிப்பாள், பிறகு தமிழிலே பயன் சொல்லுவாள்.

முதல் நாளே சறுக்கியது.

"அந்தக் கோட்டையிலை கல்மார், தெஸ்ரிக், வூன், பிராகெத், ஒர்வாத் எண்டு அஞ்சு குலம்..."

"மச்சாள், நீ கதை சொல்லுறியோ, இருமுறியோ?" என்றாள் கமலாசனி. கமலாசனி நடராசாவின் தங்கை. வாய்க்கால் தொடங்குகிற தலைப்பில் காணி. வாய் அதைவிட முன்னுக்கு நிற்கும்.

எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு திரித்துக்கொண்டிருந்த ஏரம்பு, கேட்காத மாதிரி இருந்தவர், திரும்பாமலே கேட்டார்.

"பிள்ளை, அவை ஆருடைய ஆக்கள்? ஆர் ஆரிட்டைக் கொண்டு குடுக்கிறவை?"

"அது புத்தகத்திலை இல்லை மாமா."

"அப்ப என்னெண்டு கதையை விளங்கிறது?"

அவர் கேட்டதில் பிழை சொல்ல முடியாது. இரண்டு பேர் கதைத்தால் முதலில் ஆருக்கு ஆர் என்ன முறை என்று தெரிந்தால்தான் அங்கே காது திறக்கும். அன்றைக்குப் பின்னேரம் இரஞ்சிதம் குசினிக்குள் அடுப்படியில் இருந்து புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு யோசித்தாள். அர்த்தம் தெரியாத சொல்லுக்கு அகராதி இருக்கிறது. அர்த்தமே இல்லாத சொல்லுக்கு என்ன செய்வது? சத்தத்தை மட்டும் சொன்னால் காதில் நிற்காது. சத்தத்தை விட்டுவிட்டால் எழுதினவன் வைத்த பேர் போய்விடும்.

எங்கள் ஊர்களிலே ஒரு பகுதிக்கு, ஒரு குடும்ப வழிக்கு, பேர் வருவது அவர்கள் செய்கிற வேலையை வைத்து. அந்த வழியையே அவளும் பிடித்தாள். கல்மார் நெருப்புப் பார்க்கிறவர்கள். தீக்காத்தார் என்று வைத்தாள். தெஸ்ரிக் ஆட்டுக்கு மணி கட்டி மலையிலே மேய்க்கிறவர்கள், மணிகட்டியார். வூன், உறைந்த தண்ணியை வெட்டி உருக்கிக் குலங்களுக்கு வார்க்கிறவர்கள்; நீர்வார்த்தார். பிராகெத், மதில் எடுத்தவர்கள், மதிலெடுத்தார். ஒர்வாத்துக்கு வந்தபோது கை நின்றது. புத்தகம் அவர்களுக்கு ஒரு வேலையும் சொல்லவில்லை. மலைப்பாதை உறைந்து மூடப் போகிற நேரத்தில் எல்லாருக்கும் கடைசியாய் வந்து சேர்ந்தவர்கள் என்று மட்டும் இருந்தது. பின்வந்தார் என்று எழுதினாள். அந்த ஒரு பேருக்கு மட்டும் அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. நாக்கிலே இருந்தது, விழுந்தது.

அடுத்த நாள் கதை ஓடியது பாருங்கோ! மணிகட்டியார் பெடியன் ஆட்டைத் தேடிப் போனால் உடைக்கிற கை நின்றுவிடும். ஏரம்பும் இப்போது முகத்தைக் காட்டித்தான் இருந்தார். தீக்காத்தார் மதிலெடுத்தாரிடம் பெண் எடுக்கலாம், நீர்வார்த்தாரிடம் எடுக்கக்கூடாது, ஏனென்றால் ஒருவருடைய நெருப்பை அணைக்கிற பொருளை மற்றவர் வைத்திருக்கிறார் என்று அவரே ஒரு கட்டளை போட்டார். புத்தகத்தில் எங்கேயும் இல்லாத கட்டளை. இரஞ்சிதம் அதையும் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு கிழமைக்குள் மரத்தடியிலே ஆளுக்கொரு குலம் ஆகிவிட்டது. 

"நாங்கள் நீர்வார்த்தார். எங்கடை காணியைத் தாண்டித்தானே எல்லாருக்கும் தண்ணி போகுது" என்றாள் கமலாசனி. 

ஏரம்பு வாய் திறக்காமலே தீக்காத்தார் ஆனார். ஆடு வைத்திருந்தவர்கள் மணிகட்டியார். இலட்சுமி ஒன்றையும் எடுக்கவில்லை. கேட்டதற்குச் சிரித்துக்கொண்டு, "நான் கச்சான் உடைச்சார்" என்றாள். இலட்சுமி கைக்கு மூன்று பேர் ஈடுகொடுக்க முடியாது. அவளுடைய ஓலைக் கடகம்தான் முதலில் நிறையும். இரஞ்சிதத்துக்குப் பக்கத்திலேதான் இருப்பாள். அடுத்த ஏடு திருப்பும்போது காற்றுக்குப் பறக்காமல் விரலால் அமத்திப் பிடிப்பவளும் அவள்தான்.

காணிக்குக் காணி முறை வைத்துத் தண்ணி விடுகிற பங்குனி முறைத்தண்ணியின்போது அது நடந்தது. தலைப்புக் காணிகளுக்குத் தண்ணி பாய்ந்து முடிந்தும் கமலாசனி வீட்டார் தங்கள் காணி மடைவாயைக் கட்டவில்லை. வீரகத்தி மண்வெட்டியோடு வந்து வரம்பிலே நின்று கேட்டான்.

"தங்கச்சி, இண்டைக்கு எங்கடை முறையெல்லே?"

"ஓம் அண்ணை. பின்வந்தாருக்குப் பின்னாலைதான் தண்ணி" என்றாள் கமலாசனி.

பகிடிக்குத்தான் சொன்னாள். வரம்பிலே நின்றவர்கள் சிரித்தார்கள். வீரகத்தியும் சிரித்தான், அந்தக் கதையைக் கேட்காத மனுசன், பகிடி என்ன என்று விளங்காமலே. வீட்டுக்குப் போய் இலட்சுமியிடம் சொன்னபோதுதான் அவளுடைய முகத்தைக் கண்டு சிரிப்பை நிறுத்தினான்.

அதற்குப் பிறகு அந்தப் பேர் நடக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடத்திலே பிள்ளைகள் சொன்னார்கள். கடையிலே சொன்னார்கள். முல்லைத்தீவிலிருந்து லொறி கொண்டுவந்து கச்சான் வாங்குகிற பக்கீர், மூட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு கேட்டார்: 

"இதுதானே பின்வந்தார் வீட்டுக் கச்சான்? நல்ல பருப்பு. முள்ளியவளையிலை ஒருத்தர் கேட்டவர், அது என்ன பகுதி, எந்த ஊரிலையிருந்து வந்தவை எண்டு. எனக்குச் சொல்லத் தெரியேல்லை." 

நல்ல மனுசன். கெடுதலாக நினைத்து ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

அந்த வைகாசிக்குத்தான் குடியேற்றத்தின் முதற் பொங்கல். பத்து வருசமாய்க் கொட்டிலுக்குள் இருந்த அம்மனுக்குக் கல்லுச் சுவர் எழும்பியிருந்தது. பழைய ஊர்களிலே பொங்கலுக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேலை உண்டு. வளந்து என்கிற பொங்கற் பானை கொண்டு வருகிறவர்கள், நெல்லுக் குத்துகிறவர்கள், வெற்றிலை பாக்குக் கொண்டு வருகிறவர்கள், பந்தல் போடுகிறவர்கள். தகப்பன் செய்ததை மகன் செய்வான். வேலை உள்ள குடும்பம் கோயிற் குடும்பம். இல்லாதது வந்து கும்பிட்டுவிட்டுப் போகிற குடும்பம். பெண் பேசி வருகிறவர்களும் சாதகத்துக்கு முன்னம் அதைத்தான் கேட்பார்கள். புது ஊரிலே இவை எதுவும் இல்லை. இந்த வைகாசியில் எழுதுகிறதுதான் இனி என்றைக்கும். ஆகவே ஏரம்பு வீட்டிலே அதை எழுத ஒரு கொப்பி திறந்திருந்தது.

வீரகத்தி போய்க் கேட்டான். விமலேஸ்வரிக்கு அப்போது பதினாறு.

"ஏதாவது ஒரு வேலை எங்களுக்கும் எழுதுங்கோ அம்மான்."

"எல்லாம் எழுதிப்போட்டன் தம்பி. நீங்கள் பின்வந்தார்தானே. பின்னுக்கு நிண்டு கும்பிடுங்கோ. பிறகொரு காலம் பாப்பம்."

வீரகத்தி திரும்பி வந்துவிட்டான். அடுத்த நாள் இலட்சுமி பாலை மரத்தடிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவளுடைய கடகம் மட்டும் மரவேரிலே கவிழ்ந்து கிடந்தது. ஏட்டைக் காற்றுத் திருப்பியது. இரஞ்சிதம் வாசித்த இடம் தெரியாமல் தடுமாறினாள்.

"இலட்சுமிக்கு என்னவாம்?" என்றாள்.

"ஆர், பின்வந்தாவோ?" என்றாள் கமலாசனி. "உன்ரை கதையைக் கேட்டு ரோசம் வந்திட்டுதாம்."

இரஞ்சிதம் புத்தகத்தை மூடினாள்.

கடகத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வரம்பாலே நடந்து போனாள். வாற்பக்கம் வரவர வாய்க்கால் ஒடுங்கி, மண் நிறம் மாறி, அள்ளினால் சந்தனம் மாதிரி ஒட்டுகிற களிமண்ணாய் இருந்தது. இலட்சுமி குசினி வாசலிலே அடுப்புக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை. ஆனால் முழங்கையாலே பலகையைத் தள்ளிவிட்டாள்.

"இருங்கோ அக்கா."

இரஞ்சிதம் இருந்தாள்.

"ஒண்டு கேக்கிறன், உண்மை சொல்லுங்கோ" என்றாள் இலட்சுமி, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "எங்களை நினைச்சோ அந்தப் பேரை வைச்சனீங்கள்?"

"சத்தியமாய் இல்லையடி" என்று சொல்ல வாயெடுத்தாள் இரஞ்சிதம். சத்தியம் என்ற சொல்லிலே நிறுத்திவிட்டாள். நினைத்து வைக்கவில்லை, அது உண்மை. ஆனால் மற்ற நாலு பேருக்கும் எவ்வளவு யோசித்தாள்! எத்தனை தரம் எழுதி வெட்டினாள்! இந்த ஒன்று மட்டும் ஏன் அப்படிச் சுளுவாய் வந்தது? ஐந்தாறு வருசமாய் வரம்பிலும் கிணற்றடியிலும் தன் காதில் விழுந்துகொண்டிருந்த சொல் அல்லவா அது. 'உவை பிறகு வந்தவை.' தானும் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். எழுதினவன் வைத்த பேருக்கு அர்த்தம் இல்லை. அந்த வெறும் இடத்திலே தான் கொண்டுபோய் வைத்தது இந்தக் குடியேற்றத்து மண்.

"தெரியாது இலட்சுமி" என்றாள். "நினைச்சு வைக்கேல்லை. ஆனால் எனக்குள்ளை இருந்ததுதான் வந்திருக்கு."

இலட்சுமி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் முடிவு வரைக்கும் வாசிச்சனீங்கள் என்ன? அவை கடைசியிலை என்ன செய்யினம்?"

"விடு."

"சொல்லுங்கோவன்."

"எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்து விடுகினம்."

இலட்சுமியின் கை களிக்குள்ளேயே நின்றுவிட்டது. "அப்ப சரி" என்றாள். "அதையும் பயன் சொல்லி முடிச்சியளெண்டால் என்ரை பெட்டைக்கு இந்த ஊரிலை தலை நிமிர ஏலாது. இப்ப வேலைதான் இல்லை. பிறகு கோயில் வாசலும் இல்லை."

வீட்டுக்குத் திரும்பி வந்த இரஞ்சிதம் புத்தகத்தை முதலிலிருந்து திரும்ப வாசித்தாள். கதையை மாற்றிச் சொல்லலாம். கதவைத் திறந்தது மதிலெடுத்தார் என்றால் யாருக்குத் தெரியும்? இங்கிலீசு வாசிக்க இங்கே வேறு ஆள் இல்லை. ஆனால் மதிலெடுத்தார் என்று ஒரு வீட்டுக்காரர் தங்களைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்களே. ஒருவருடைய கால் முள்ளைப் பிடுங்கி இன்னொருவருடைய காலிலே குத்துகிற வேலை. நாற்பதாம் பக்கத்திலே, முன்னம் வாசிக்காமல் தாண்டிப் போன ஒரு வரி இப்போது கண்ணில் பட்டது. அதை இரண்டு தரம் வாசித்தாள். பென்சிலாலே கீழே கோடு போட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலடியிலே கூட்டம். ஏரம்பு கொப்பியை வாசிக்க வேண்டும், எல்லாரும் கேட்க வேண்டும், அம்மனுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்த வேண்டும். கொளுத்திவிட்டால் பிறகு மாற்றம் இல்லை. ஆண்கள் முன்னுக்கு இருந்தார்கள். பெண்டுகள் ஒரு பக்கமாய் நின்றார்கள். வீரகத்தியும் இலட்சுமியும் எல்லாருக்கும் பின்னால், வேலியோடு. வராமல் விட்டால் அதுவும் ஒரு கதையாகும் என்று வந்திருந்தார்கள்.

ஏரம்பு வாசித்து முடித்தார். "ஆருக்கும் சொல்ல ஏதும் இருக்கோ?" என்று வழமைக்குக் கேட்டுவிட்டுக் கற்பூரத்தைத் தடவினார்.

"எனக்கு இருக்கு மாமா" என்றாள் இரஞ்சிதம்.

நடராசா திரும்பிப் பார்த்தான். "நீ சும்மா இரு" என்று கண்ணாலே சொன்னான். அவள் அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை.

"பின்வந்தார் எண்டு ஒரு குலம் புத்தகத்திலை இல்லை. அந்தப் பேரை வைச்சது நான். புத்தகத்திலை கிடக்கிற பேர் ஒர்வாத்."

"அதுக்குத் தமிழ்தானே பின்வந்தார்?"

"இல்லை மாமா. அதுக்குத் தமிழும் இல்லை, இங்கிலீசும் இல்லை. ஒரு அர்த்தமும் இல்லை. எழுதினவர் சும்மா உண்டாக்கின சத்தம்."

ஏரம்புக்குக் கோபம் வரவில்லை, குழப்பம் வந்தது. "பேரெண்டால் ஒரு காரணம் இராதோ பிள்ளை? காரணமில்லாமல் ஒரு பகுதிக்கு ஆர் பேர் வைப்பான்?"

"உங்கடை பகுதியை நீர்வேலியிலை என்னெண்டு சொல்லுறவை?"

அவர் நாடியைத் தடவினார். "கொட்டாங்கியார் எண்டு."

"அதுக்கு என்ன காரணம்?"

"அது... அப்புவின்ரை அப்பு காலத்திலையிருந்து சொல்லுறது."

"காரணம் கேட்டன் மாமா."

முன்னுக்கு இருந்த ஆண்களில் ஒருவர் இருமினார். இன்னொருவர் சால்வையால் வாயைப் பொத்தினார். 

"எங்கடை பெரியப்புவைக் கேட்டிருக்கலாம், அவர் போயிட்டார்" என்றார் ஏரம்பு, கொஞ்சம் வெட்கத்தோடு.

"ஒருத்தருக்கும் காரணம் தெரியாது. ஆனால் அந்தப் பேரைச் சொல்லி ஒருத்தரும் உங்களைப் பின்னுக்கு நிக்கச் சொல்லேல்லை. நான் வைச்ச பேரைச் சொல்லி இந்தக் கொப்பியிலை ஒம்பது குடும்பத்தை விட்டிருக்கிறியள். பிழை என்ரை. அதை நீங்கள் கற்பூரம் கொளுத்தி நிரந்தரமாக்காதேங்கோ."

கமலாசனி பக்கத்திலே நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பைத் திரும்பத் திரும்ப இடுப்பிலே சொருகினாள், அவ்வளவுதான்.

ஏரம்பு கற்பூரத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கொப்பியைத் திரும்பத் திறந்தார். "சரி, அந்தப் பேரை எடுத்துவிடுவம். உவைக்கு வேறை என்ன பேர் வைக்கிறது? நீயே ஒண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

இரஞ்சிதம் வாயைத் திறக்க முன்னம் வேலிப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"எங்களுக்குப் பேர் வேண்டாம் அம்மான். வேலையைத் தாங்கோ. பேர் தன்பாட்டிலை வரும்."

இலட்சுமி. தலையிலே போட்டிருந்த சேலைத் தலைப்பு நழுவினதும் தெரியாமல் முன்னுக்கு வந்து நின்றாள்.

"வேலை எல்லாம் முடிஞ்சுதே" என்றார் ஏரம்பு.

"முடியேல்லை. வளந்து கொண்டுவாறது எழுதியிருக்கிறியள், அரிசி எழுதியிருக்கிறியள், விறகு எழுதியிருக்கிறியள். வளந்தை எதிலை வைக்கப் போறியள்? அடுப்பு ஆர் போடுறது?"

ஏரம்பு கொப்பியை ஒரு தரம் விரலாலே மேலிருந்து கீழே தடவினார். பிறகு கீழிருந்து மேலே. அடுப்பு இல்லை. பழைய ஊரிலே அடுப்பு எப்போதும் அங்கேயே கிடக்கும். யார் போட்டது என்று எவரும் கேட்டதில்லை. அதனாலே ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

"கல்லை வைச்சால் போச்சு" என்றது ஒரு ஆண்குரல்.

"அம்மனுக்குப் பொங்கிறதுக்குக் கல்லோ?" என்றாள் இலட்சுமி. "மண் அடுப்புத்தான் போடவேணும். உங்கடை காணியிலை உள்ளது மணல். வெடிச்சுப் போம். களி கடைவாய்க்காலிலைதான் வந்து படியுது. அது எங்கடை காணி."

ஏரம்பு காதிலே சொருகியிருந்த பென்சிலை எடுத்து, நாக்கிலே தொட்டு, 'அடுப்பு' என்று எழுதி, அதற்கு நேரே வீரகத்தியின் பேரை எழுதினார். பிறகு கமலாசனியின் பக்கம் திரும்பி, "என்ன பிள்ளை, சரிதானே?" என்றார். 

"ஆர் வேண்டாமெண்டது" என்று கமலாசனி முணுமுணுத்தாள். "முறைத்தண்ணியை விட்டால்தானே களியும் நனையும். விட்டுவிடுறன்."

கற்பூரம் இன்னும் கொளுத்தவில்லை.

மற்ற எட்டுக் குடும்பமும் விடவில்லை. இலட்சுமி வாய் திறந்தபிறகு அவர்களுக்கும் வாய் வந்துவிட்டது. இலை வெட்டுவது, கூட்டித் தெளிப்பது, பந்தி முடிய இலை எடுப்பது என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு வாங்கினார்கள். ஏரம்புக்குக் கொப்பியில் இடம் போதாமல் மட்டையிலேயும் எழுத வேண்டி வந்தது. பிறகுதான் கற்பூரம் கொளுத்தினார்கள்.

பொங்கலன்று இலட்சுமி போட்ட மூன்று அடுப்பும் ஒரு கீறல் விடவில்லை. அடுத்த வருசமே அந்த வீட்டுக்காரருக்கு அடுப்பிட்டார் என்று பேர் வந்துவிட்டது. யார் முதலில் சொன்னது என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது. விமலேஸ்வரியின் பிள்ளைகளைக் கேட்டால், புலோலியிலே பரம்பரை பரம்பரையாய் அடுப்பிட்ட பகுதி தாங்கள் என்று சொல்லுவார்கள். சொல்லட்டும்.

புத்தகம் மிச்சம் கிடந்தது. பொங்கல் முடிந்த அடுத்த கிழமை, உடைக்கக் கச்சானும் இல்லை, ஆனாலும் பெண்டுகள் பாலை மரத்தடிக்கு வந்து இருந்தார்கள். ஏரம்பு கயிறு இல்லாமலே வந்தார். இலட்சுமி வழமையான இடத்திலே இருந்து ஏட்டை விரலாலே அமத்தினாள்.

இரஞ்சிதம் தீக்காத்தாரையும் மணிகட்டியாரையும் மற்ற இரண்டு பேரையும் தமிழிலேதான் சொன்னாள். ஐந்தாவதுக்கு வரும்போது, "ஒர்வாத்" என்றாள்.

"அதென்னடியப்பா?" என்றாள் கமலாசனி.

"அதுதான் அவையின்ரை பேர். அதுக்கு நான் தமிழ் வைக்கேல்லை. புத்தகத்திலை கிடந்தபடி கிடக்கட்டும்."

"இருமல் மாதிரித்தான் கிடக்கு."

"கிடக்கட்டும்."

எதிரி மலையேறி வந்தான். குளிரிலே வாளெல்லாம் உறைகளோடு ஒட்டிக்கொண்டன. ஒர்வாத்துக் குலத்தான் ஒருவன் எல்லாரும் அசந்த நேரம் கோட்டைக் கதவின் தாழை எடுத்தான். இரஞ்சிதம் வாசித்துக்கொண்டே கடைக்கண்ணாலே பார்த்தாள். ஒருவரும் இலட்சுமியின் பக்கம் திரும்பவில்லை. எல்லாருடைய கண்ணும் புத்தகத்திலே, அந்த இல்லாத கதவிலே இருந்தது. அவள் அடுத்த ஏட்டைத் திருப்பினாள்.

"ஏன் திறந்தவன்?" என்று கேட்டார் ஏரம்பு. "காரணம் இருக்கவேணுமே?"

இரஞ்சிதம் பின்னுக்குப் பின்னுக்கு ஏடு திருப்பி நாற்பதாம் பக்கத்துக்குப் போனாள். பென்சிற் கோட்டைத் தேடிப் பிடித்தாள்.

"இதை நான் அண்டைக்கு வாசிக்காமல் தாண்டிப் போனனான் மாமா. மற்ற நாலு குலமும் நெருப்பைச் சுற்றி இருந்தவையாம். ஒர்வாத்தாரை மட்டும் கதவடியிலை இருக்கச் சொன்னவையாம். அண்டு தொடங்கி அவைக்குக் கதவு மட்டுந்தான் தெரியுமாம்."

ஏரம்பு தரையிலே கிடந்த ஒரு கச்சான் கோதை எடுத்து விரல்களுக்கு நடுவிலே உருட்டிக்கொண்டிருந்தார். கமலாசனி குனிந்துகொண்டாள்.

இலட்சுமிதான் பொறுக்கமாட்டாமல் ஏட்டை அமத்திய கையை எடுத்து, அந்தக் கையாலேயே தொடையிலே அடித்தாள்.

"நெருப்படியிலை இருக்க விடாட்டில், எழும்பி வந்து கேக்கிறதுக்கு வாயில்லையே? கதவைத் திறக்கிறதோ? நாசமறுவார்! என்ரை கையிலை அவன் அகப்பட்டானெண்டால் விளக்குமாறாலை குடுப்பன், ஓம்."

காற்று வந்து ஏடுகளைப் புரட்டிக்கொண்டு போனது.

"எடியே, பிடியடி" என்றாள் இரஞ்சிதம்.

"பொறுங்கோ அக்கா" என்று இலட்சுமி திரும்பவும் விரலை வைத்தாள். "ம், வாசியுங்கோ. பிறகு அந்த ஒர்வாத்தான் தப்பினானோ?"